கிடைச்சிடும் அக்காவும் பெட்டிக்குள் தூங்கிய பெரியவரும்

பேருந்து நிலையத்துக்குள் நுழைந்து, தொலைந்த பொருள் அலுவலகம் எங்கே என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். நேராகப் பதில் வராது. "கிடைச்சிடும் அக்காவைப் பாக்கணுமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டினால்தான் வழி சொல்வார்கள். படியிறங்கி, கழிப்பறையைத் தாண்டி, டயர் வாசம் அடிக்கும் நடையின் கடைசிவரை போனால் ஒரு கண்ணாடிச் சன்னல். அதற்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர், தண்ணீர்ப் பாட்டில், கட்டுக்கட்டாகத் துண்டுச் சீட்டு, அக்கா.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. யார் வந்து சன்னலில் முகத்தைக் காட்டினாலும், என்ன தொலைந்தது என்று கேட்பதற்கு முன்னாலேயே "கிடைச்சிடும், உக்காருங்க" என்று சொல்லிவிடுவாள். கிடங்கைப் பார்த்துக்கொள்கிற பூட்டண்ணன் ஒருமுறை கேட்டேவிட்டார். இடுப்பில் சாவிக்கொத்து சலசலக்க நடப்பதால் அவருக்கு அந்தப் பெயர். "என்னன்னே தெரியாம எப்படித் தங்கச்சி வாக்குக் குடுக்கறே?"

"தொலைச்சவங்க பாதி உசுரோடதான் வருவாங்கண்ணே. முதல்ல மீதி உசுரைக் குடுத்துடணும். பொருளை அப்புறம் தேடிக்கலாம்."

அவள் அந்த நாற்காலிக்கு வந்த கதையே வேடிக்கை. முதலில் அவள் பஸ் கழுவுகிறவளாக இருந்தாள். இருக்கைக்கு அடியில் துடைப்பத்தை விட்டால் குடை வரும், ஒற்றைச் செருப்பு வரும், ஒரு தடவை பல்செட்டே சிரித்துக்கொண்டு வந்தது. மற்றவர்கள் குப்பையோடு தள்ளிவிடுவதை இவள் துடைத்து எடுத்துப் போய் அலுவலகத்தில் கொடுப்பாள். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாளா? மறுநாளும் போய் நிற்பாள். "ஆள் வந்தாங்களா? வாங்கிட்டுப் போனாங்களா? சந்தோஷப்பட்டாங்களா?" நச்சரிப்பு தாங்காமல், "நீயே வந்து இங்க உக்காரும்மா, எங்களை விட்டுடு" என்று கையெடுத்துக் கும்பிட்டு அவளை அங்கேயே போட்டார்கள்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. வந்ததே தவிர, அதில் பொருளைப் பதியத்தான் முடியும், தேட முடியாது. தேட வேண்டுமென்றால் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பூட்டை நம்ம கையில குடுத்துட்டு சாவியை அவங்க வெச்சுக்கிட்டா எப்படி?" என்று, வேலை முடிந்ததும் சைக்கிள் கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கூடப் படித்ததெல்லாம் மீசை முளைக்காத பிள்ளைகள். ஆன்ட்டி என்று கூப்பிட்டவனை, "அக்கான்னு சொல்லு, இல்லாட்டி என் பெஞ்சுல இடம் கிடையாது" என்று முதல் நாளே அடக்கினாள்.

கடைசியில் தன் கையாலேயே கம்ப்யூட்டர் திரையில் ஒரு தேடல் சன்னல் எழுதினாள். எழுதி முடித்த அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை செய்கிற விதம் எளிதுதான். பஸ் டிப்போக்களில் கண்டெடுக்கிற பெட்டி, பைகளை அங்கேயே பதிவு செய்து, மேலே என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒரு புள்ளி விடாமல் அப்படியே தட்டச்சு செய்துவிடுவார்கள். பிறகு சாக்கில் போட்டுக் கட்டி, ஓர் எண்ணைத் தொங்கவிட்டு இங்கே அனுப்புவார்கள். கிடங்கில் பார்த்தால் எல்லாம் ஒரே சாக்கு. எந்தச் சாக்குக்குள் எது என்று பூட்டண்ணனுக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. வந்தவர் தன் பொருள்மேல் எழுதியிருக்கும் வாசகத்தைச் சரியாகச் சொன்னால் எண் வரும். பாதி சொன்னால் வராது. 'கறுப்புப் பை' என்று பொதுவாகச் சொல்லிப் பிறத்தியார் பையைத் தூக்கிக்கொண்டு போன மகராசன்கள் இருந்ததால், முழு வாசகத்தைக் கேட்டுத் தேடும் அந்த ஒரே கேள்விக்குத்தான் தலைமை அலுவலகம் அவளுக்கு அனுமதி தந்திருந்தது.

எண் வந்ததும் அக்கா அதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பூட்டண்ணன் கையில் கொடுப்பாள். சத்தம் போட்டுச் சொல்லவே மாட்டாள். கிடங்கில் அவ்வளவு இரைச்சல். "வாயால சொன்னா நான் சொன்னது எது, வந்தவங்க சொன்னது எதுன்னு குழம்பிடும். போங்கன்னு நான் வாயால சொல்றேன், எதைன்னு சீட்டு சொல்லும்" என்பது அவள் சட்டம். இந்தச் சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் வீட்டுக்காரர் மேலே பணிமனையில் மெக்கானிக். சன்னல் எழுதி முடித்த கொஞ்ச நாளிலேயே அவர் தன் கருவிப் பையைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார். அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் அவரே எழுதியிருந்த வாசகம்: 12" ஸ்பானர் உள்ளே. தொட்டால் கை இருக்காது. அக்கா தட்டினாள். 'அப்படி எதுவும் இல்லை' என்று வந்தது. "பஸ்லதான் வெச்சேன்" என்றார் அவர். "எந்தக் கடை வாசல்ல வெச்சீங்களோ! பஸ்மேல பழி போடாதீங்க" என்றாள் அவள். அன்றிலிருந்து வீட்டில் மூக்குக் கண்ணாடி காணோம் என்று அவர் வாயெடுத்தால் போதும், "பஸ்ல தேடுங்க" என்பாள். மனுஷர் முதலில் சண்டை போட்டார், பிறகு முனகினார், பிறகு அதையும் விட்டுவிட்டார். ஊருக்கெல்லாம் இனாமாகக் கொடுக்கிற அந்த ஒரு வார்த்தை வீட்டுக்காரருக்கு மட்டும் கிடைக்கவில்லை.

அன்றைக்குச் சன்னலுக்கு எதிரே இருந்த முற்றத்தில் லாரி வந்து நின்றது. கேட்பாரற்றுக் கிடக்கும் சாக்குகளை வாரிக்கொண்டு போய்க் கழித்துக்கட்டுகிற லாரி. அக்காவின் தேடல் சன்னல் வந்த பிறகு வரும் முதல் லாரி. போனால் போனதுதான், திரும்பி வராது. பூட்டண்ணன் எண்களைக் கூவக் கூவ, சாக்குகள் ஏறிக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து வந்தார் பொம்மைக்காரர்.

மெலிந்த மனிதர், கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை. மடியில் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு, தன் உதடு அசையாமல் அதைப் பேச வைப்பது அவர் தொழில். பொம்மைக்குப் பெயர் பெரியவர். வழுக்கைத் தலை, வெடுக் வெடுக்கென்ற பேச்சு, மேடைக்கு வந்த எந்தத் தலைவரையும் "என்னப்பா, இன்னும் முடிக்கலையா?" என்று கேட்டுவிடும். ஆனால் அதே மனிதருக்குச் சொந்த வாயில் ஒரு வாக்கியம் முழுசாக வராது, திக்கித் திக்கி நின்றுவிடும். பெரியவர் மடியில் ஏறிவிட்டால் மட்டும் மடை திறந்த வெள்ளம். தொலைதூரத்தில் வேலை பார்க்கிற மகள் ஃபோன் செய்தால், "அப்பா, பெரியவர்கிட்ட குடு" என்றுதான் ஆரம்பிப்பாளாம். பெட்டி தொலைந்த நாளிலிருந்து அவர் ஃபோனையே எடுப்பதில்லை. முதல் தடவை கூட வந்த அவர் மனைவிதான் இதையெல்லாம் சொன்னாள். "அப்பா குளிக்கறாருன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. எத்தனை தடவைதான் ஒரு மனுஷன் குளிப்பாரு?"

அதற்குப் பிறகும் அவர் வந்து வந்து பார்த்தார். வரும்போதெல்லாம் கிடைச்சிடும், தட்டும்போதெல்லாம் 'அப்படி எதுவும் இல்லை.'

"கிடைச்சிடும், உக்காருங்கய்யா" என்றாள் அக்கா. ஆனால் அவள் கண் சன்னலைத் தாண்டி லாரிமேல் இருந்தது. இன்றைக்கு இல்லையென்றால் இல்லைதான். இந்த மனிதர் மிச்ச ஆயுளுக்கும் குளித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். பெட்டிமேல் எழுதியிருக்கும் வாசகம், அவரே எழுதியது, மாறாத கையெழுத்து:

உள்ளே 'பெரியவர்' தூங்குகிறார். "டேய்" என்று கூப்பிடாதீர்கள்!

எத்தனையாவது முறையாகப் படித்தாலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டே ஓர் எழுத்து, ஒரு குறி விடாமல் தட்டினாள். பொத்தானை அழுத்தினாள். 'அப்படி எதுவும் இல்லை.'

பொம்மைக்காரர் எழுந்து போகவில்லை. திரையையே பார்த்தார். பிறகு விரலை உயர்த்தினார். "யோ... யோ..." என்று தொடங்கி, முடியாமல் காகிதத்தைத் திருப்பி எழுதினார்.

'யோசிக்காமல் பதில் சொல்கிறது.'

"என்னங்கய்யா?"

அவர் விறுவிறுவென்று மேலும் எழுதினார். 'பொம்மையிடம் கேள்வி கேட்டால் ஒரு மூச்சு விட்டுத்தான் பதில் வர வேண்டும். உடனே வந்தால் அது கேட்கவே இல்லை என்று குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.'

அக்கா அதைப் படித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று, வாயில் வந்த ஏதோ ஒன்றைத் தட்டினாள்: கத்தரிக்காய்க்குக் கல்யாணம். அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றி முடித்து, பிறகு 'இல்லை' என்றது. அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குத் தேடுவதென்றால் அவ்வளவு நேரம் பிடிக்கும். மறுபடி பெரியவரின் வாசகத்தைப் போட்டாள். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் 'இல்லை' வந்து நின்றது. வட்டம் சுற்றவே இல்லை.

"ஐயையோ!" என்று நாற்காலி பின்னால் உருள எழுந்துவிட்டாள். "இது தேடவே இல்லய்யா! தேடாமயே இல்லைங்குது!"

ஏன் என்று அவளுக்கு அந்த நொடியே உறைத்துவிட்டது. சன்னல் எழுதிய முதல் வாரத்தில் எப்போதோ திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து தொலைந்தது. மேலதிகாரியம்மா அதைப் பார்த்து, "இதென்ன, நோயாளி மாதிரி? நாளைக்குப் பார்வையிட வர்றாங்க, இது வரக்கூடாது" என்று கத்தினார். அவசரத்தில் அக்கா ஒரு வரி சேர்த்தாள்: என்ன கோளாறு வந்தாலும் சரி, 'அப்படி எதுவும் இல்லை' என்று காட்டிவிடு. அதோடு சிவப்பு மறைந்தது, மேலதிகாரியம்மா பாராட்டினார், அக்காவும் அதை மறந்துபோனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. இதில் விசேஷம், மறைத்தவளே அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்!

அந்த வரியைத் தூக்கினாள். தேடினாள். வந்தது சிவப்பு, கொட்டை எழுத்தில். 'டேய்' என்ற இடத்தில் கேள்வி புரியவில்லை என்றது.

முற்றத்தில் லாரியின் ஹாரன் அடித்தது.

அக்கா சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "பூட்டண்ணே! லாரிய விடாதீங்க!"

"எந்தச் சாக்கு?"

"தெரியலண்ணே!"

"தெரியாத சாக்குக்கு லாரிய நிறுத்தணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

லாரி டிரைவர் இறங்கி வந்தார். கோபக்காரர் இல்லை, அவசரக்காரர். "அம்மா, அங்க கேட்டை மூடறதுக்குள்ள நான் போய்ச் சேரணும். நம்பரைக் குடுங்க, இறக்கித் தர்றேன். நம்பர் இல்லாம ஒரு சாக்கும் இறங்காது."

அவர் சொல்வதும் நியாயம்தானே? அத்தனை சாக்கையும் அவிழ்த்துப் பார்க்க முடியுமா? அக்கா ஃபோனை எடுத்து வீட்டுக்காரரை அழைத்தாள். "ஏங்க, கீழ ஒரு லாரி நிக்குது. கொஞ்ச நேரம் அது நகராம பாத்துக்கணும்."

"பழுது பாக்கறவன்கிட்ட பழுது பண்ணச் சொல்றியா?"

"பேச நேரமில்லீங்க. ஓடி வாங்க!"

வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "டிரைவர் சார், என்ஜின் சத்தம் சரியில்லையே. பானெட்டைத் தூக்குங்க, ஒரு பார்வை பாத்துடறேன்." தன் வண்டியைப் பற்றி ஒரு மெக்கானிக் இப்படிச் சொன்னால் எந்த டிரைவர் கிளம்புவார்? பானெட் எழுந்தது. உள்ளே பார்த்தால் பெல்ட் நிஜமாகவே தளர்ந்திருந்தது. பொய் சொல்ல வந்த மனுஷனுக்கு உண்மையே கிடைத்துவிட்டது. "இதை இறுக்கணும்னா பெரிய ஸ்பானர் வேணுமே" என்று தாடையைச் சொறிந்தார். "என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு."

உள்ளே அக்காவின் விரல்கள் பறந்தன. அவள் எழுதியிருந்த கேள்வி ஒட்டுப்போட்ட கேள்வி. தன் பாதி வாக்கியம், ஓர் இரட்டை மேற்கோள் குறி, அப்புறம் வந்தவர் சொன்ன வாசகம், மறுபடி ஓர் இரட்டை மேற்கோள் குறி, அவ்வளவுதான். வந்தவர் சொல்வது ஆளுக்கு ஆள் மாறுவதால் அதற்கு மாறி என்று பெயர். மேற்கோள் குறி திறந்தால் வாசகம் தொடங்குகிறது, மூடினால் முடிகிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், வந்தவர் தன் வாசகத்துக்குள்ளேயே ஒரு மேற்கோள் குறியைக் கொண்டுவராத வரைக்கும்! 'டேய்'க்கு முன்னால் இருக்கிற குறியைப் பார்த்ததும், வாசகம் முடிந்தது என்று கம்ப்யூட்டர் கதவைச் சாத்திவிட்டது. மிச்சமிருந்த 'டேய்' தனக்கு அக்கா இடும் கட்டளை என்று நினைத்து முழித்தது.

"இரட்டைக் குறிதானே வம்பு? ஒற்றையாக்கிடறேன், இரு" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். தன் இரண்டு குறிகளையும் ஒற்றையாக மாற்றினாள். அழுத்தினாள். மறுபடி சிவப்பு! இந்தத் தடவை 'பெரியவர்' என்ற இடத்தில் முழித்தது. ஆமாம், அங்கே ஒற்றைக் குறி இருக்கிறதே. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்கய்யா, ஒரு பெட்டிமேல எழுத இத்தனை குறியா போடுவாங்க?"

பொம்மைக்காரர் பாவம்போல் கையை விரித்தார்.

"விடுங்க, உங்க தப்பில்ல" என்றாள். உடனே கை நின்றது. தப்பு அவருடையது இல்லைதான். தன் பொருளை நன்றாகத் தெரிந்த மனிதர், உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். எந்தக் குறியைப் போட்டுச் சுற்றினாலும், நாளைக்கு ஒருவர் அந்தக் குறியோடு வருவார். குறியை மாற்றிப் பயனில்லை. என் பேச்சையும் அவர் பேச்சையும் ஒரே மூச்சில் கலந்து கத்தினால் கேட்கிறவன் என்ன செய்வான்? முற்றத்தில் பூட்டண்ணன் எதற்கோ கூவினார், இரைச்சலில் யாருக்கும் புரியவில்லை. அக்காவின் பார்வை மேசைமேல் கிடந்த துண்டுச் சீட்டுக் கட்டில் விழுந்தது.

"அட மண்டு!" என்றாள், தன்னைத்தான். "பூட்டண்ணனுக்குச் சீட்டு. கம்ப்யூட்டருக்கு மட்டும் கூச்சலா?"

வகுப்பில் இதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒட்டாதீர்கள், இடம் விடுங்கள் என்று. ஒட்டுவதே வேலை செய்கிறதே என்று அக்கா அன்றைக்குக் காதில் வாங்கவில்லை. இப்போது வாங்கினாள். கேள்வியில் இருந்த குறிகளையெல்லாம் தூக்கி எறிந்தாள். வாசகம் வர வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறி ஒன்றை நட்டாள். இந்த இடத்துக்குரியது தனியாக வரும் என்று அதற்கு அர்த்தம். பிறகு கேள்வியை ஒரு கையிலும் மாறியை மறு கையிலும் கொடுப்பதுபோல் இரண்டையும் தனித்தனியாக அனுப்பினாள். இனி வாசகத்துக்குள் என்ன குறி இருந்தால் என்ன? சீட்டில் எழுதியது சீட்டோடு.

அழுத்தினாள்.

வட்டம் சுற்றியது. "சுத்துது! ஐயா, சுத்துது பாருங்க!" என்று அக்கா கூவினாள். பொம்மைக்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சுற்றியது, சுற்றியது, நின்றது. திரையில் ஓர் எண்.

சீட்டில் எழுதி, சன்னலைச் சுற்றிக்கொண்டு போகப் பொறுமையில்லாமல் சன்னல் வழியாகவே எட்டி, "பூட்டண்ணே, ஓடுங்க!" என்று திணித்தாள். பூட்டண்ணன் சீட்டைப் பார்த்தார், சாவிக்கொத்து குலுங்க ஓடினார். நம்பரைப் பார்த்த டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே லாரிமேல் ஏறினார். மேலே கிடந்த சாக்குகள் தூக்கி வைக்கப்பட்டன, அடியில் கிடந்தது உருவப்பட்டது. முடிச்சை அவிழ்த்தால், கறுப்புப் பெட்டி, அதே கையெழுத்து, அத்தனை குறிகளும் அச்சுப்போல.

பொம்மைக்காரர் ஓடி வந்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, அவசரத்தில் சாவியைத் தலைகீழாகத் துவாரத்தில் திணித்தார். பூட்டண்ணன்தான் வாங்கித் திறந்தார். உள்ளிருந்து வழுக்கைத் தலை ஒன்று எழுந்தது, மடிமேல் உட்கார்ந்தது, கழுத்தைத் திருப்பி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

"யாருய்யா இந்தக் கடைக்கு முதலாளி?" என்றது பெரியவர். "எத்தனை நாளா உள்ள கிடந்து கத்தறேன்! ஒருத்தருக்கும் காது கேக்கல. இந்தத் தம்பிக்கு நான் இல்லாம பேச வராதுன்னு தெரியாதா? வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்வாங்க, இவன் வாயைச் சாக்குல கட்டி வெச்சுட்டீங்களே!"

டிரைவர் லாரிமேலிருந்தே விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. பொம்மைக்காரர் அங்கேயே, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தபடியே ஃபோனை எடுத்தார். மறுமுனையில் மகளின் குரல் கேட்டதும் பெரியவரின் வாய் திறந்தது. "என்னம்மா, உங்கப்பன் இப்பதான் குளிச்சு முடிச்சான்!"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்காவுக்கு இன்னொன்று சுருக்கென்றது. பெரியவர் மட்டும்தானா? தன் பெட்டியில் இரட்டை மேற்கோள் குறி போட்டு எழுதிய எல்லோருக்கும் இதே 'இல்லை'தானே போயிருக்கும்? அன்றைக்கு வந்த சிவப்பு வரி யாருடையதோ! கிடைக்காமல் போனவர்களுடைய வாசகத்தையும் ஃபோன் நம்பரையும் சேமித்து வைத்து, தினமும் காலையில் மறுபடி தேடுகிற பொத்தான் ஒன்று இருந்தது. உள்ளே ஓடி அதை அழுத்தினாள்.

வட்டம் சுற்றியது. ஓர் எண் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. "ராணி" தையல் மிஷின். "என் செல்லத்துக்கு" என்று எழுதிய புல்லாங்குழல் உறை. "பெரிய டாக்டர்" பை, அது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையுடையது போலிருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைய விட்டிருக்கிறாள்! அழுவதா, ஆடுவதா என்று தெரியாமல் அக்கா சீட்டு எழுதினாள். சீட்டு போகப் போக, மூட்டை இறங்கியது. யாருக்கெல்லாம் ஃபோன் செய்வது என்று பார்த்தபோது, பெரியவரே நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "நம்பரைச் சொல்லும்மா, நான் பேசறேன்." பேசினார். "ஐயா, நான் மூட்டைக்குள்ளருந்து பேசறேன். உங்க மிஷின் என் பக்கத்துலதான் படுத்திருந்துச்சு. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க!" ஒவ்வொரு முறை மறுமுனையில் கூச்சல் கேட்கும்போதும் பொம்மைக்காரரின் முகம் சிவந்து மலர்ந்தது.

கடைசி வரி வந்து நின்றது. அதற்கு எதிரே இருந்த ஃபோன் நம்பர் அக்காவுக்கு மனப்பாடம்.

12" ஸ்பானர் உள்ளே. தொட்டால் கை இருக்காது.

அங்குலத்துக்குப் போட்ட அந்தக் குட்டிக் குறி. இரட்டை மேற்கோளும் அதுவும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். அத்தனை நேரம் அக்காவிடம் இருந்த துள்ளல் நெஞ்சுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. சீட்டில் எண்ணை எழுதினாள். இந்தச் சீட்டை மட்டும் சன்னல் வழியாக நீட்டவில்லை, தானே எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். பூட்டண்ணன் படித்துவிட்டு லாரியின் கடைசி மூலையிலிருந்து ஒரு சாக்கை இழுத்தார்.

வீட்டுக்காரர் இன்னும் பானெட்டுக்குள் குனிந்திருந்தார். "ஏங்க" என்றாள். நிமிர்ந்தவர் பையைப் பார்த்தார். வெள்ளைப் பெயிண்ட் கொஞ்சமும் உதிரவில்லை. கையைத் துணியில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"பஸ்லதான் வெச்சேன்."

"ஆமாங்க. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் தேடாமயே இல்லைன்னுட்டேன். அதோட விட்டேனா? இத்தனை நாளா சொல்லிக் காட்டி வேற..."

அவர் பையைத் திறந்து பெரிய ஸ்பானரை எடுத்தார். எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்து ஒருமுறை ஆட்டினார்.

"பை போனா போகுது" என்றார், அவளைப் பார்க்காமல். "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் சொல்றே. கிடைச்சிடும்னு அன்னிக்கு என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் குனிந்து பெல்ட்டை இறுக்கத் தொடங்கினார். அவள் பக்கத்தில் வந்து, தன் ஃபோன் விளக்கைப் போட்டு, அவர் கைக்கு வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு" என்றார் அவர். காட்டினாள்.